இணைச்சீர்க்காரியின் இடுப்பு

ஜூன் 8, ஞாயிறு

டைரி எழுதுகிற பழக்கம் எனக்கு இல்லை. கோயம்புத்தூர் டாக்டர் இந்துமதிதான் எழுதச் சொன்னார். ஆபரேஷனுக்கு அப்புறம் வலி எப்படி, வீக்கம் எப்படி, எப்போது எழுந்து நடந்தேன் என்று குறித்து வைத்தால் அடுத்த தடவை வரும்போது பேச வசதியாக இருக்குமாம். எதையும் பாதியில் விடுகிற ஆள் நான். இதையாவது முடிக்கிறேனா பார்ப்போம்.

காரணத்தையும் எழுதிவிடுகிறேன். தம்பி பூபாலனுக்கு முப்பத்தெட்டு வயதில் ஒருவழியாகப் பெண் கிடைத்திருக்கிறது. நிச்சயம் பேசுகிற உறுதி வார்த்தை அன்று பெண்ணின் அத்தைக்காரி ஒருத்தி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். தண்ணீர் டம்ளரைக் கையில் கொடுத்து, குரலைத் தாழ்த்தி, "எத்தனாவது மாசமுங்க? பாத்து உக்காருங்" என்றாள். எனக்கு நாற்பத்து மூன்று வயது. மகள் காலேஜ் போகிறாள், மகன் பிளஸ் டூ. "அதெல்லாம் இல்லீங்க, சும்மாதாங்க" என்று சிரித்துவைத்தேன். பிறகு பாத்ரூமில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன்.

கல்யாணம் ஆவணியில். அம்மா இல்லாத வீடு. ஒரே அக்கா நான்தான் இணைச்சீர் நிற்க வேண்டும். மாப்பிள்ளையின் சகோதரி இடுப்பில் பேழைக்கூடையை வைத்துக்கொண்டு தம்பிக்குப் பக்கத்தில் நிற்பாள். சீர் செய்துவைக்கிற அருமைக்காரர் கூறைச்சேலையின் ஒரு முனையைத் தம்பி கையில் கொடுத்து, மறு முனையை அக்கா தோளில் போடுவார். அந்த நேரம் மண்டபமே அக்காவைத்தான் பார்க்கும். நான் அந்த இடத்தில் இந்த வயிற்றோடு நிற்கமாட்டேன். முடிவு செய்துவிட்டேன்.

ஜூன் 11, புதன்

டாக்டர் பொறுமைசாலி. "இது எடை குறைக்கிற ஆபரேஷன் இல்லைங்க. சின்னச் சின்ன துளை போட்டு, மருந்துத் தண்ணி ஏத்தி, குழாய் வழியா கொழுப்பை உறிஞ்சி எடுக்கிறது. வடிவம் மாறும். அதுவும் உடனே தெரியாது. முதல்ல வீங்கும். மூணு மாசம், சில பேருக்கு ஆறு மாசம் ஆகும்" என்றார். ஆவணிக்குள் தெரியுமா என்று கேட்டேன். ஓரளவுக்குத் தெரியும் என்றார். எனக்கு அது போதும்.

அப்புறம் ஒரு பெரிய பாட்டுப் பாடினார். அன்றைக்கே எழுந்து நடக்க வேண்டும், வயிற்றை இறுக்கிக் கட்டுகிற பெல்ட்டைக் கழற்றக் கூடாது, ஒரு கால் மட்டும் வீங்கினாலோ மூச்சு வாங்கினாலோ எந்த நேரமானாலும் போன் செய்ய வேண்டும். பயமுறுத்துவது அவர்கள் தொழில். என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார். சுகர், பிரஷர், தைராய்டு, கருத்தடை, ஹார்மோன் எதுவுமே இல்லை என்று பெருமையாகச் சொன்னேன். உண்மைதானே.

வீட்டில் குடலிறக்கம் என்று சொல்லியாயிற்று. இவருக்கு மட்டும்தான் விஷயம் தெரியும். "பொய் சொல்றது நீ. மாட்டுனா என்னயக் கூப்புடாதே" என்று பனியன் கம்பெனிக்குக் கிளம்பிவிட்டார். என்னைக் கவனித்துக்கொள்ள இவருடைய அக்கா துளசிமணி நங்கை காங்கேயத்திலிருந்து வருகிறார். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். நங்கையிடம் அதெல்லாம் செல்லாது.

ஜூன் 14, சனி

நங்கை வந்துவிட்டார். பை முழுக்க முருங்கைக்கீரை, நல்லெண்ணெய், செக்கில் ஆட்டிய தேங்காயெண்ணெய். கூடவே ஒரு பட்டை மாத்திரை.

இருபத்திரண்டாம் தேதி குலதெய்வம் கோயிலில் முதல் பத்திரிகை வைக்கிறார்கள். எனக்குப் பதினெட்டு வாக்கில் மாதவிலக்குத் தேதி. "ஆபரேசன் ஆன ஒடம்போட அந்தத் தொல்லை வேற எதுக்கு? கோயிலுக்கும் நீ வந்தாகோணும். இன்னைக்கே ஆரம்பிச்சுரு அம்மணி" என்று நங்கையே கையில் வைத்தார். எங்கள் வீட்டுப் பெண்களில் இந்தத் தள்ளிப்போடுகிற மாத்திரையை விழுங்காதவள் யார்? நோம்பி, கல்யாணம், புதுவீடு, எல்லாவற்றுக்கும் இதுதான். மெடிக்கலில் பேர்கூடச் சொல்ல வேண்டாம், விசேஷம் என்றால் எடுத்துக் கொடுத்துவிடுவான். மூன்று வேளையும் போட ஆரம்பித்துவிட்டேன்.

ஜூன் 16, திங்கள்

காலையில் மயக்க டாக்டர் வந்து மறுபடியும் கேட்டார், மாத்திரை ஏதும் இல்லையே என்று. இல்லைங்க என்றேன். என்னை நிற்கவைத்து வயிற்றிலும் இடுப்பிலும் பேனாவால் வட்டம் வட்டமாக வரைந்தார்கள். கூச்சமாக இருந்தது. கண் விழித்தபோது பல் கிடுகிடுவென்று நடுங்கியது. மாலையில் நர்ஸ் கையைப் பிடித்து வராந்தா வரைக்கும் நடத்திவிட்டாள். வலி என்று சொல்ல முடியாது. யாரோ வயிற்றில் ஏறி நின்று மிதித்த மாதிரி இருந்தது.

ஜூன் 17, செவ்வாய்

வீட்டுக்கு வந்துவிட்டேன். துளை வழியாக இளஞ்சிவப்பாகத் தண்ணீர் கசிந்துகொண்டே இருக்கிறது. இரண்டு நாளைக்கு இப்படித்தான் ஒழுகும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். நங்கை மெத்தையைப் பார்த்துப் பதறிவிட்டார்.

"ஏனப்பா, கொடலெறக்கத்துக்கு இப்படியா ஊத்தும்? எங்க மச்சாண்டாருக்குப் பண்ணப்ப ஒரு சொட்டு வல்லியே?"

இவர் விட்டத்தைப் பார்த்தார். "இது புது முறைக்கா" என்றார். பொய் சொல்லத் தெரியாத மனிதனைக் கட்டிக்கொண்டு மாரடிக்கிறேன்.

ஜூன் 18, புதன்

வலி. எழுத முடியவில்லை.

ஜூன் 19, வியாழன்

செய்யக் கூடாததைச் செய்தேன். எடை மிஷினில் ஏறினேன். இரண்டு கிலோ கூடியிருக்கிறது! வீக்கம்தான், டாக்டர் சொன்னதுதான், தெரியும். ஆனாலும் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். மூன்றாம் நாள் மனசு இப்படிச் சோர்ந்துபோகும் என்றும் சொல்லியிருந்தார். எல்லாவற்றையும் சொல்லித்தான் அனுப்பியிருக்கிறார் அந்த அம்மா.

நங்கை கட்டிலை விட்டு இறங்க விடுவதில்லை. அவருடைய மச்சாண்டார், வீட்டுக்காரரின் அண்ணன், குடலிறக்க ஆபரேஷன் முடிந்து சீக்கிரமே எழுந்து நடமாடி, தையல் பிரிந்து, மறுபடியும் வயிற்றைக் கிழித்தார்களாம். "அனங்காமப் படு. தண்ணி வேணும்னாலும் என்னையக் கூப்புடு." நடந்தே ஆக வேண்டும் என்று சொன்னால் ஏன் என்று கேட்பார். என்ன பதில் சொல்வது? படுத்துக்கொண்டேன். மதியம் ஆஸ்பத்திரி நர்ஸ் போன் செய்து, "நடக்கறீங்களா மேடம்?" என்றாள். "நல்லா நடக்கறனுங்க" என்றேன், படுத்தபடியே.

ஜூன் 21, சனி

குளிக்க உட்கார்ந்தபோது பெல்ட்டைக் கழற்றிப் பார்த்தேன். நாவல்பழ நிறத்தில் இடுப்பு முழுவதும் கன்றியிருக்கிறது. தொட்டால் உணர்ச்சியே இல்லை. மரத்துப்போயிருக்கிறது, உள்ளே கட்டி கட்டியாக இருக்கிறது. இதுவும் எதிர்பார்த்ததுதான்.

நாளைக்குக் கோயில் இல்லை. பூசாரி வீட்டில் இழவு. அடுத்த ஞாயிறுக்கு மாற்றிவிட்டார்கள். நங்கை இவரிடம் சொல்லி இன்னொரு பட்டை மாத்திரை வாங்கி வரச் சொன்னார். அவரும் வாங்கி வந்தார்.

ஜூன் 22, ஞாயிறு

இடது கெண்டைக்காலில் பிடித்து இழுக்கிறது. படுத்தே கிடந்தால் வேறென்ன ஆகும். நாளைக்குக் கோயம்புத்தூர் போக வேண்டிய நாள். நங்கை தானும் வருவேன் என்று சேலைகூட எடுத்து வைத்துவிட்டார். டாக்டர் அவர் முன்னால் கொழுப்பு, கிழுப்பு என்று ஏதாவது சொல்லிவிட்டால்? ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து, வெள்ளிக்கிழமை வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். அதற்குள் நங்கையை ஏதாவது சொல்லி ஊருக்கு அனுப்பிவிடலாம்.

ஜூன் 23, திங்கள்

காலையில் நங்கைதான் பார்த்தார். இடது கால் கொலுசு சதையில் பதிந்துகிடந்தது. வலது கால் கொலுசு வழக்கம்போலத் தொளதொளவென்று இருக்கிறது. திருகாணியைக் கழற்றவே முடியவில்லை, சோப்புப் போட்டு உருவினார்.

"நரம்பு பெரண்டிருக்குது கண்ணு. எண்ணெயத் தேச்சு உருவிவுட்டா செரியாப்போகும்."

தேங்காயெண்ணெயைச் சூடு பண்ணி, கெண்டைக்காலை மடியில் வைத்து, மேலிருந்து கீழாக, கீழிருந்து மேலாக உருவிவிட்டார். வலித்தது, ஆனால் சுகமாகவும் இருந்தது. என் கூடப்பிறந்தவள் இருந்தால்கூட இப்படிப் பார்க்கமாட்டாள். இவர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். "டாக்டரம்மா காலைப் பத்தி ஏதோ சொன்னாங்கள்ல வாணி?" என்றார். நான் முறைத்தேன். வாயை மூடிக்கொண்டு கம்பெனிக்குப் போய்விட்டார்.

கால் சூடாக இருக்கிறது. எண்ணெய்ச் சூடாக இருக்கும்.

ஜூன் 24, செவ்வாய்

பாத்ரூம் போய் வருவதற்குள் மாடிப்படி ஏறியதுபோல மூச்சு வாங்குகிறது. பெல்ட் இறுக்கம் என்று ஒரு கொக்கியைத் தளர்த்தினேன். நங்கை ஓமத்தண்ணீர் வைத்துக் கொடுத்தார்.

வலது மார்புக்குக் கீழே, மூச்சை இழுத்தால் குத்துகிறது. வாயுவாக இருக்கும். மதிய மாத்திரையைப் போட்டுக்கொண்டேன்.

டாக்டருக்குப் போன் செய்யலாம்தான். நங்கை பக்கத்திலேயே உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறார். அவர் எழுந்து போகட்டும்.

இன்னும் எழுந்து போகவில்லை. நெஞ்சு படபடவென்று

ஜூன் 28, சனி

இன்றுதான் பேனா பிடித்து எழுத முடிகிறது. கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் இருக்கிறேன்.

அன்று பேனாவை வைத்துவிட்டு எழுந்தது ஞாபகம் இருக்கிறது. அப்புறம் தரையில் கிடந்தேன். நங்கையின் அலறல் கேட்டது. மதியச் சாப்பாட்டுக்கு வந்திருந்த இவர் ஓடி வந்து காரில் போட்டுப் பக்கத்திலிருந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அங்கே இருந்த டாக்டர் சின்ன வயசு. என் முகத்தில் ஆக்ஸிஜனை மாட்டியபடியே, என்ன ஆபரேஷன் என்று கேட்டார்.

"கொடலெறக்கமுங்க" என்றார் நங்கை.

டாக்டர் பெல்ட்டைத் திறந்து பார்த்தார். "எந்தப் பக்கம்? தையலையே காணோமே?"

இவர் என்னைப் பார்த்தார். அந்த முகத்தை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். சொல்லவா வேண்டாமா என்று அந்த நேரத்திலும் என் உத்தரவுக்காகக் காத்துக்கொண்டிருந்தார். நான் ஆக்ஸிஜன் முகமூடியைத் தூக்கினேன்.

"குடலிறக்கம் இல்லைங்க. கொழுப்பு எடுத்தாங்க. வயித்துல, இடுப்புல."

நங்கை என் கையைப் பிடித்திருந்தார். விடவில்லை. ஆனால் பிடி தளர்ந்தது எனக்குத் தெரிந்தது.

"வேற மாத்திரை ஏதாவது?"

எனக்கு மூச்சு இல்லை. தலையை ஆட்டினேன், இல்லை என்று. அந்த நிலைமையிலும் எனக்கு அது ஞாபகத்துக்கு வரவில்லை! நங்கைதான் சொன்னார். "தூரம் தள்ளிப்போறதுக்கு நான் வாங்கிக் குடுத்தனுங் சாமி. பத்து நாளா முழுங்கறா. அதையும் சொல்லோணுமுங்களா?"

டாக்டர் என் இடது காலைத் தூக்கிப் பார்த்தார். எண்ணெய்ப் பிசுக்கு கையில் ஒட்டியது. "காலைத் தேய்ச்சு விட்டீங்களா?"

"தேச்சனுங். வலிக்குதுன்னா. நல்லா உருவிவுட்டனுங்."

அவர் நர்ஸைப் பார்த்து வேகமாக ஏதோ இங்கிலீஷில் சொன்னார். அப்புறம் ஆம்புலன்ஸ்.

காலில் ரத்தம் கட்டி, அது உடைந்து நுரையீரலுக்குப் போய் அடைத்துக்கொண்டதாம். டாக்டர் இந்துமதி நேற்று கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால்கூடத் தேவலை. "மாத்திரையால மட்டும்னு சொல்ல முடியாதுங்க. ஆபரேஷன், அசையாம படுத்தது, மாத்திரை எல்லாம் சேர்ந்துடுச்சு. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் தேதியைத் தள்ளி வெச்சிருப்பேன்" என்றார். ரத்தம் கட்டாமல் இருக்க மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிட வேண்டும். அந்த இன்னொரு மாத்திரையை இனிமேல் வாழ்நாளில் தொடக் கூடாது.

அதை நிறுத்தியதால் இன்று காலையிலிருந்து மாதப்போக்கு. ரத்தத்தை நீர்க்க வைக்கிற மருந்தும் சேர்ந்துகொண்டதால் கொட்டுகிறது. நாளைக்குக் கோயிலில் நான் இல்லாமலே பத்திரிகை வைக்கிறார்கள்.

ஜூலை 3, வியாழன்

வீடு. நங்கை ஊருக்குப் போகவில்லை. சமைக்கிறார், துவைக்கிறார், தைலம் எதையும் தொடுவதில்லை. என்னோடு பேசுவதில்லை. என் மேல் கோபம் என்றுதான் நினைத்தேன்.

மாலையில் நானே அடுப்படிக்குப் போய், "நங்கை, பொய் சொன்னது தப்புதாங்க" என்றேன்.

கரண்டியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "கொழுப்ப எடுத்தா எடுத்துட்டுப் போ. உன்ற ஒடம்பு. எனக்கென்ன?" என்றவர் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டார். "இந்தக் கையாலயே மாத்திரையக் குடுத்து, இந்தக் கையாலயே தேச்சு வுட்டனே அம்மணி. நீ போயிருந்தீன்னா உன்ற புள்ளைக மூஞ்சியில நான் எப்படி முழிப்பேன்?"

இரண்டு பேரும் அடுப்படியில் நின்று அழுதோம். பருப்பு அடிப்பிடித்துவிட்டது.

ஜூலை 29, செவ்வாய்

மாதம் தவறாமல் இன்று வந்துவிட்டது. காலண்டரைப் பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம். அடுத்தது சரியாகக் கல்யாணத்தில் வந்து நிற்கிறது. தள்ளிப்போட வழி இல்லை. இத்தனை பாடும் எதற்குப் பட்டேனோ, அந்த மேடையில் நிற்க முடியாமல் போகப்போகிறது.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

பெல்ட்டை நிறுத்திவிடலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீக்கம் பெரும்பாலும் வடிந்துவிட்டது. கண்ணாடி முன்னால் நின்று பக்கவாட்டில் திரும்பிப் பார்த்தேன். குறைந்திருக்கிறது. நன்றாகவே குறைந்திருக்கிறது. இவ்வளவு நடந்த பிறகும் எனக்கு அது பிடித்திருக்கிறது என்பதை இங்கே எழுதாமல் எங்கே எழுதுவது. இடது இடுப்பில் மட்டும் இன்னும் மரமரப்பு போகவில்லை.

தம்பியிடம் தேதி விஷயத்தை நங்கையை விட்டுச் சொல்லச் சொன்னேன். பெரியவர்கள் கூடிப் பேசி, எதற்கும் சித்தி மகள் தாரணியைத் தயாராக இருக்கச் சொல்லிவிட்டார்கள். எனக்கு எடுத்த அதே நிறத்தில் அவளுக்கும் ஒரு பட்டுச்சேலை. பூபாலன் போன் செய்தான். "அக்கா, நீ நிக்கறதுன்னாதான் நான் நிப்பேன்" என்றான். சின்னப் பையன் மாதிரிப் பேசாதே என்று அதட்டினேன். போனை வைத்த பிறகு வெகுநேரம் ஒரு வேலையும் ஓடவில்லை.

ஆகஸ்ட் 27, புதன்

இன்னும் இல்லை.

ஆகஸ்ட் 28, வியாழன்

இல்லை. மண்டபத்துக்கு வந்துவிட்டோம். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பாத்ரூம் போகிறேன். நங்கை என் முகத்தைப் பார்க்கிறார், நான் தலையை ஆட்டுகிறேன். நாங்கள் இருவரும் பேசிக்கொள்வது இன்றைக்கு இவ்வளவுதான். இன்னும் ஒரு நாள், ஒரே ஒரு நாள்.

ஆகஸ்ட் 30, சனி

நேற்று எழுத நேரமில்லை. எழுதியே ஆக வேண்டும் என்பதால் உட்கார்ந்திருக்கிறேன்.

விடியக்காலை குளித்துப் பட்டுச்சேலை கட்டி, தலை நிறையப் பூ வைத்து, பொட்டு வைக்கக் கண்ணாடியைப் பார்த்தபோது வந்துவிட்டது. சேலையெல்லாம் பத்திரமாகத்தான் இருந்தது, தயாராகத்தான் இருந்தேன். ஆனால் அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். வெளியே நாதஸ்வரம். மாப்பிள்ளையை அழைத்தாயிற்று, இணைச்சீர்க்காரியைக் கூப்பிடுங்கள் என்று யாரோ சத்தம் போட்டார்கள். கதவுக்கு அந்தப் பக்கம் தாரணி அதே நிறச் சேலையில் நிற்கிறாள் என்பது எனக்குத் தெரியும்.

நங்கை கதவைத் திறந்து உள்ளே வந்து சாத்தினார். என் முகத்தைப் பார்த்ததுமே அவருக்குத் தெரிந்துவிட்டது.

"வந்துருச்சுங்க நங்கை. தாரணியை நிக்கச் சொல்லுங்க" என்றேன்.

அவர் அசையவில்லை. இந்த அம்மா வீட்டில் தூரமானால் குடிக்கிற டம்ளரைக்கூடத் தனியாக வைப்பவர். நோன்பு, பூசை, தீட்டு என்றால் ஒரு நூல் பிசகமாட்டார். பெருமூச்சு விட்டுவிட்டு, கட்டிலுக்கடியில் கிடந்த பேழைக்கூடையை எடுத்து முந்தானையால் துடைத்தார்.

"எந்திரி."

"நங்கை, சாமி காரியமுங்க."

"உன்னையச் சாகடிக்கப் பாத்தேன். அதுக்கே சாமி என்னைய ஒண்ணுங் கேக்குல. நீ கூடையத் தூக்குனதுக்கா வந்து கேக்கப்போவுது? கேட்டா என்னையக் கேக்கட்டும். எந்திரி அம்மணி, உன்ற தம்பி நிக்கறான்."

கதவைத் திறந்து, "இன்னும் ஒண்ணும் ஆகுல, அவளே வாரா" என்று எல்லார் காதிலும் விழச் சொன்னார். என் பக்கம் திரும்பி, கூடையைத் தானே என் இடது இடுப்பில் வைத்தார். அந்தப் பக்கம் உணர்ச்சி இல்லாததால் கூடை இருக்கிறதா விழுகிறதா என்றே எனக்குத் தெரியவில்லை. மேடை ஏறும்வரை நங்கை பின்னால் ஒரு கையால் அதைத் தாங்கிப் பிடித்துக்கொண்டே வந்தார்.

அருமைக்காரர் கூறைச்சேலையின் ஒரு முனையைப் பூபாலன் கையில் கொடுத்து, மறு முனையை என் தோளில் போட்டார். மண்டபம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. என் இடுப்பு எப்படித் தெரிந்தது என்று யாரிடமும் நான் கேட்கவில்லை. நான் பார்த்ததெல்லாம் நங்கையைத்தான். மேடைக்குக் கீழே ஒரு தூணோரமாக நின்று, கண்ணை இறுக மூடி, கும்பிட்ட கைகளை நெற்றியில் வைத்திருந்தார். உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன. சீர் முடிந்து, நான் கூடையோடு இறங்கிப் பக்கத்தில் வந்து நிற்கும்வரை அவர் கையை இறக்கவில்லை.